எடுத்தவர் பெயர்

கோடையில், அதுவும் வறண்டு வெடித்துக் கிடக்கிற குளத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, இங்கே நீர்ச்செடி எதுவும் கிடையாது என்று எழுதிக் கொடுக்க ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்? எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற நேரத்தில் தெருவுக்குப் போய், இந்தத் தெருவில் ஆளே கிடையாது என்று எழுதுகிற கதைதான் இது. அந்த அறிக்கையைப் படித்ததும் சருகுக்கு வந்த முதல் ஆத்திரம் இதுதான். இரண்டாவது ஆத்திரம், அதன் அடியில் அவளுடைய கையெழுத்துக்கென்று காலியாக விட்டிருந்த இடத்தைப் பார்த்து வந்தது.

சருகு என்பது ஆபீஸில் அவளுக்கு வைத்த பேர். செடிகளை அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, பூச்சி அரிக்காமல் அலமாரியில் அடுக்கி வைக்கிற தாவரக் காப்பகம் அது. அவள்தான் பொறுப்பாளர். படித்ததும் தாவரவியல், பிழைப்பும் தாவரவியல், சண்டை போடுவதும் பெரும்பாலும் தாவரவியலுக்காகத்தான். கோபம் மூக்குக்கு மேலேயே குடியிருக்கும். "காய்ஞ்சதோடவே இருந்து இருந்து, நீயும் தீக்குச்சி பட்டா பத்திக்கிற பதத்துக்கு வந்துட்டடி" என்று அம்மா சொல்லுவாள். அதற்கும் கோபம் வரும்.

காப்பகத்தில் அவள் ஒரு விஷயத்தில் மட்டும் யாருக்கும் வளைந்து கொடுக்க மாட்டாள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும்: எந்த இடம், எப்படிப்பட்ட மண், எந்த நாள், எடுத்தவர் யார். செடிக்குப் பேர் சொன்னவர் வேறு, எடுத்தவர் வேறு. மண்ணிலிருந்து யார் கையோடு வந்ததோ அவர் பேர்தான் அங்கே வரும். எடுத்தவர் பேர் இல்லாத தாளை அவள் அநாதைத் தாள் என்பாள். எவ்வளவு அழகான செடியாக இருந்தாலும் அலமாரிக்குள் விட மாட்டாள். ஒருமுறை இயக்குநரே தோட்டக்காரர் பறித்துக் கொடுத்த ஒரு கொடிக்குத் தன் பேரை எழுதி அனுப்பினார். "தோட்டக்காரர் பேரை எழுதுங்க சார்" என்று அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள். அவர் அதை மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

இயக்குநர் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. யாரையும் அதட்ட மாட்டார். ஆனால் மேலிடத்திலிருந்து போன் வந்தால் போனுக்கே எழுந்து நிற்கிற ரகம்.

"ஏம்மா, ஒரு கையெழுத்துதானே? நிபுணர் நேர்ல போய்ப் பார்த்துட்டுத்தானே எழுதியிருக்கார்" என்றார்.

"எப்போ சார் போனார்? உச்சி வெயில்ல, தரை பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும்போது போனார். அப்போ ஆரைச் செடி மண்ணுக்குள்ள தூங்கும். தூங்கறவனைப் பார்த்துட்டு செத்துட்டான்னு எழுதறவரு நிபுணரா?"

"அந்த ஆரையைத்தான் கடைசியா யார் பார்த்தாங்க? நம்ம அலமாரியில ஒரே ஒரு தாள், நீங்க பொறக்கறதுக்கு முன்னாடி ஒட்டினது. பழங்கதையை வெச்சுக்கிட்டு, அங்க வரப்போற அவ்ளோ பெரிய வளாகத்தை நிறுத்த முடியுமா? உயிரோட இருக்குன்னு ஆதாரம் இருந்தா காட்டுங்க."

"வேலிக்குள்ள விடச் சொல்லுங்க. காட்டறேன்."

அவர் மேஜை மேல் இல்லாத தூசியைத் துடைத்தார். வேலிக்குள் விடுவது அவர் கையில் இல்லை. குளம் கட்டுமானக் கம்பெனியின் கைக்குப் போய், சுற்றிலும் தகரம் அடித்தாயிற்று. சருகு போனபோதெல்லாம் காவலாளி, "அனுமதிக் கடிதம் இல்லாம எங்க முதலாளியே வந்தாலும் விட மாட்டேன்மா" என்று பெருமையாகச் சொல்லித் திருப்பி அனுப்பினான். குளத்தை மூடலாமா என்று முடிவு சொல்ல விசாரணைக் கமிட்டி கூடப் போகிறது. அங்கே காப்பகம் சார்பில் யாராவது போய், ஒப்புதல் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். மறுநாளே லாரிகள் வந்து குளத்தை மூடிவிடும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இயக்குநர் சருகைத்தான் அனுப்புவதாக இருந்தார். அவளையே சொல்ல வைத்தால் பழைய கணக்கும் தீரும் அல்லவா.

அப்படி என்ன பெரிய செடி என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆரையில் பல சாதி உண்டு. நாலு இலை சேர்ந்து குடை பிடித்த மாதிரி தண்ணீரில் மிதக்கும், பல தேசங்களில் கீரையாகவும் தின்பார்கள். இந்தக் குளத்து ஆரை அதற்குப் பங்காளி. பூக்கவே பூக்காது. பூ என்று ஒன்று உலகத்தில் வருவதற்கு முன்னாலேயே பிறந்துவிட்ட பெரணி வம்சம் அது. பூவுக்குப் பதிலாகச் சேற்றில் மிளகளவு ஒரு கொட்டையைப் போட்டுவிட்டுப் போகும். மற்ற ஆரைக் கொட்டைகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அதன் மேல் இருக்கும் செம்பட்டை ரோமமும், காம்போரத்தில் கொக்கி போல் வளைந்த ஒரு பல்லும். அந்தக் கொக்கிப் பல்லை அந்தத் தாளைத் தவிர வேறெங்கும் யாரும் பார்த்ததில்லை. வருஷம் பூராவும் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். தண்ணீரே வராத மேட்டிலும் பிழைக்காது. நிறைந்து வற்றி, வற்றி நிறைகிற குளம்தான் அதற்கு வேண்டும். வற்றிய குளத்தைப் பார்த்தால் மனுஷனுக்குக் காலி மனை ஞாபகம் வருகிறது. அங்கேதான் வினை.

வினைக்கு மேல் வினை, அந்தக் காலி மனைக்குப் பொறுப்பான சைட் இன்ஜினியர் அவளுடைய சொந்தத் தம்பி. ஒரே வீடு, ஒரே சமையல், ஒரே அம்மா.

தம்பி தங்கமான பையன். வேலையில் படு கறார். சைட்டில் அவன் போட்ட சட்டங்களில் அவனுக்கே ரொம்பப் பிடித்தது பூட்ஸ் சட்டம். சைட்டுக்கென்று கொடுக்கும் பூட்ஸை சைட்டுக்கு வெளியே யாரும் போட்டு நடக்கக் கூடாது. கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுச் செருப்பு மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும். சாப்பிட உட்கார்ந்தால் இதைப் பற்றி ஒரு பாட்டம் பேசாமல் எழுந்திருக்க மாட்டான். "என் பூட்ஸ் அந்தக் குளத்து மண்ணைத் தவிர வேற மண்ணை மிதிச்சதே இல்லை தெரியுமா? வேற எந்த சைட்ல இப்படி இருக்கு, சொல்லு பார்ப்போம்!"

"பூட்ஸுக்குக் கோயில் கட்டிடு" என்பாள் சருகு.

"நீ மட்டும்? காய்ஞ்ச இலைக்கு பீரோ வாங்கி வெச்சு பூட்டு வேற போடற!"

அவனிடம் அவள் கேட்டும் பார்த்தாள். "ஒரே ஒரு நாள் என்னை உள்ள கூட்டிட்டுப் போடா. ஓரத்துல உக்காந்து கொஞ்சம் மண்ணைக் கிளறிட்டு வந்துடறேன்."

"அக்கா, உனக்குக் கும்பிடு போடறேன். என் வேலைக்கு உலை வெச்சுடாதே. இப்போதான் நிரந்தரம் பண்ணப் போறாங்க."

அம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். "நிரந்தரம் ஆனாத்தான்டி பொண்ணு தருவாங்க! நாலு இலைக்காக இவன் நாலு காலத்துக்கும் ஒண்டியா நிக்கணுமா?"

சருகு வாயை மூடிக்கொண்டாள். மனசை மூடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதுவாகவே வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. தம்பியின் இடது பூட்ஸில் அடிப்பக்கம் பிரிந்துகொண்டது. ஒட்டக் கொடுப்பதற்காக ஜோடியாகப் பையில் போட்டுக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, மிதியடி மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். குளத்தில் மண் பரிசோதனைக்காகத் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். துளைக்குள் தண்ணீர் ஊற்றுவார்கள், சுற்றிலும் சேறாகும், அதில் நின்றுதான் அவன் வேலை வாங்குவான். பூட்ஸின் பள்ளமெல்லாம் அந்தச் சேறு காய்ந்து இறுகிக் கிடந்தது.

அம்மா அதைப் பார்த்துவிட்டாள். அம்மாவுக்கு உலகத்தில் ஆகாத ஒரே விஷயம் சேறு. "யார் வீட்டு வாசல்னு நெனைச்சான் இவன்! ஏண்டி, நிக்கிறியே, அதை எடுத்துச் சுரண்டிப் போட்டா குறைஞ்சா போயிடுவ?"

சருகு முணுமுணுத்துக்கொண்டே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, கத்தி முனையால் சுரண்டினாள். மண் கட்டி கட்டியாக விழுந்தது. ஒரு கட்டி உடைந்து, உள்ளேயிருந்து கறுப்பாக ஏதோ உருண்டது. முதலில் மிளகு என்றுதான் நினைத்தாள். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். செம்பட்டை ரோமம். காம்போரத்தில் கொக்கி.

தாளில் பார்த்த அதே ஆரைக் கொட்டை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தகரம் அடிச்சீங்க, காவல் போட்டீங்க, அது பாட்டுக்கு உங்க ஆள் காலைப் பிடிச்சுக்கிட்டு என் வீட்டு வாசலுக்கே வந்துடுச்சு பாருங்கடா! அந்த இடது பூட்ஸை ஒரு பள்ளம் விடாமல் சுரண்டினாள். கை நிறைய இல்லாவிட்டாலும், போதுமான கொட்டைகள் கிடைத்தன. வலது பூட்ஸைத் தொடுவதற்குள் தம்பி குளித்து முடித்து வந்து, இரண்டையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு எதுவும் தெரியாது.

கொட்டை கிடைத்தால் மட்டும் போதுமா? உயிர் இருக்க வேண்டுமே. இந்தக் கொட்டைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சும்மா தண்ணீரில் போட்டால் வருஷக்கணக்கில் கல் மாதிரி கிடக்கும். தோலில் ஒரு கீறல் விழுந்தால்தான் உள்ளே தண்ணீர் போகும். அவள் நகவெட்டியின் அரத்தால் ஒன்றைத் தேய்த்து, சாப்பாட்டு மேஜையில் இருந்த டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டுப் பூதக்கண்ணாடி எடுக்க உள்ளே போனாள். திரும்பி வருவதற்குள் அம்மா டம்ளரை வாய்க்குக் கொண்டுபோயிருந்தாள்.

"அம்மா! குடிக்காதே!"

"என்னடி, விஷமா வெச்சிருக்க?" என்று அம்மா டம்ளரைத் தூர நீட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள். கொட்டை இரண்டாகப் பிளந்திருந்தது. அதற்குள்ளிருந்து கண்ணாடி போல ஒரு கூழ்ப் புழு மெதுவாக வெளியே வந்து, வளைந்து, டம்ளருக்குள் வளையம் கட்டிக்கொண்டிருந்தது. வளையத்தின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன வித்துப் பொட்டலங்கள்.

"அட கடவுளே, உசுரா இது!"

"உசுருதான்."

"குடிச்சிருப்பேனேடி!" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் அந்த டம்ளரை யாரும் தொடக்கூடாது என்று அவளே ஒரு தட்டு போட்டு மூடி வைத்தாள். மீதிக் கொட்டைகளில் ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதை எல்லாம் துவைக்கிற தொட்டியில் மண் போட்டு, தண்ணீர் விட்டு, சருகு வளர்த்தாள். விசாரணைக்குள் தொட்டியில் குட்டி இலைகள் தலைகாட்டிவிட்டன. அக்காவின் வழக்கமான செடி என்று தம்பி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துணி துவைக்கத் தொட்டி இல்லை என்று அம்மா ஒரு நாள்கூட முணுமுணுக்கவில்லை. அதுவே பெரிய அதிசயம்.

இப்போது சீட்டு எழுத வேண்டும். இடம் தெரியும், மண் தெரியும், நாள் தெரியும். எடுத்தவர்? தன் பேரை எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அவள் அந்த வேலிக்குள் காலே வைக்கவில்லை. வைக்காத காலுக்குப் பேர் எழுதினால், இத்தனை வருஷம் அடுத்தவர்களைத் திருப்பி அனுப்பியதெல்லாம் பொய்யாகிவிடும். கமிட்டியில் முதல் கேள்வியே, உன்னை உள்ளே விடவே இல்லையே, எப்படி எடுத்தாய் என்றுதான் இருக்கும். அவள் பேனாவை எடுத்தாள். எடுத்தவர் என்ற இடத்தில் தம்பியின் பேரை இனிஷியலோடு எழுதினாள்.

விசாரணையன்று காலையில் அதை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மறைத்துச் செய்வது அவளுக்கு வராது.

தம்பி படித்தான். மறுபடி படித்தான். முகம் கறுத்தது. "அக்கா, என்ன இது?"

"உன் பூட்ஸ்ல வந்தது. எடுத்தது நீ. அதான் உன் பேர்."

"என் பூட்ஸை வெச்சே என் வயித்துல அடிக்கிறியா? கூடப் பொறந்தவதானே நீ?"

"அடிக்கலைடா. உள்ளதை எழுதினேன்."

"நான் எடுக்கலை! என் கால்ல ஒட்டிக்கிட்டு வந்தா அது எடுத்ததா?"

"காக்கா கால்ல ஒட்டிக்கிட்டு வந்திருந்தா காக்கான்னு எழுதியிருப்பேன். உன் கால்ல வந்துச்சு."

அம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தம்பி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "அங்க வந்து என்னைக் கேட்டா, எனக்கு ஒன்னும் தெரியாதுன்னு சொல்லிடுவேன். பார்த்துக்கோ."

"சொல்லு" என்றாள் சருகு. "பொய் சொல்றது உன் இஷ்டம். உன் பேரை அழிச்சுட்டு என் பேரை எழுதறது நடக்காது. நீ இல்லைன்னு சொன்னா இந்தச் சீட்டு குப்பைக்குப் போகும், குளத்தை மூடிடுவாங்க, நான் உன்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். ஆனா எழுதினதை மாத்த மாட்டேன்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். தட்டில் சாப்பாடு பாதி அப்படியே இருந்தது. சின்ன வயசில் சருகு செய்த தப்புக்கெல்லாம் அடி வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் நின்றவன் இவன்தான். இன்றைக்கும் வாய் திறக்காமல் நின்றால் எல்லாம் முடிந்தது.

கமிட்டி கூடிய அறையில் பளபளவென்று ஒரு நீள மேஜை. தலைப்பக்கத்தில் தலைவரம்மா, நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர், கண்ணாடிக்கு மேலே கண்ணை உயர்த்தித்தான் ஆளைப் பார்ப்பார். ஒரு பக்கம் கம்பெனி வக்கீல். எதிர்ப்பக்கம் சருகு, தனியாக. ஒப்புதலைக் காதால் கேட்டுவிட்டுப் போக இயக்குநரும் பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். தம்பியின் நாற்காலி காலி.

"தாவரக் காப்பகத்தின் கருத்து?" என்றார் தலைவரம்மா.

"ஒப்புதல் இல்லை" என்றாள் சருகு.

பின்வரிசையில் இயக்குநர் இருமினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "அந்தக் குளத்துல ஆரை உயிரோட இருக்குதும்மா. மண்ணுக்குள்ள தூங்குது. எனக்குக் குடிக்கிற தண்ணி ஒரு டம்ளர் கொடுங்க" என்றாள். கொடுத்தார்கள். எடுத்து வைத்திருந்த கொட்டையை எல்லார் கண் முன்னாலும் நகவெட்டியால் தேய்த்து, டம்ளரில் போட்டுத் தலைவரம்மாவின் பக்கமாக நகர்த்தினாள். "இது வாயைத் திறக்கக் கொஞ்ச நேரமாகும். அதுவரைக்கும் வக்கீல் சார் பேசட்டும்."

வக்கீலுக்குப் பேசச் சொல்லியா தர வேண்டும்? எழுந்தார், கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். வளர்ச்சி என்றார், வேலைவாய்ப்பு என்றார், வெறும் புழுதி என்றார். ஆற அமரப் பேசினார். சருகு நடுநடுவே, "அது எப்படி சார்?" என்று ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சுற்று வந்தார். அந்த நேரத்தில் கதவு திறந்து தம்பி உள்ளே வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அக்காவைப் பார்க்காமல் கம்பெனிப் பக்கம் போய் உட்கார்ந்து, பையைக் காலடியில் வைத்துக்கொண்டான். சருகு அவனையே பார்த்தாள். அந்தப் பக்கமே உட்கார்ந்துட்டியாடா?

"கடைசியா ஒன்று கேட்கிறேன்" என்றார் வக்கீல். "அந்தச் செடி இருக்கிறதென்றே வைத்துக்கொள்வோம். அதனால் யாருக்கு என்ன உபயோகம்? மருந்தா? உணவா? மரச்சாமான் செய்யலாமா?"

அவள் எழுந்தே விட்டாள். "உங்களுக்கு உபயோகமா இருக்கணும்னு அது பொறக்கலை சார்! உங்களுக்கும் எனக்கும் முப்பாட்டன்னு ஒருத்தன் வர்றதுக்கு எத்தனையோ காலம் முன்னாடி அதோட வம்சம் சேத்துல நின்னுச்சு. அது யாரையாவது கேட்டுச்சா, மனுஷனால எனக்கு என்ன உபயோகம்னு? பங்காளி ஆரையைக் கீரையா தின்னோம். இது எதுக்கு ஆகும்னு இன்னும் நாம பார்க்கவே இல்லை. பார்க்காமலே மூடிட்டு, உபயோகம் இல்லைன்னு சொல்றது எந்த ஊர் நியாயம்?"

அவள் உட்கார்ந்தாள். பேச்சின் சூட்டில் தலைவரம்மா மறந்துபோய்க் குடிக்கக் கை நீட்டி டம்ளரை எடுத்தார்.

"அம்மா, குடிக்காதீங்க!" என்று சருகு கத்தினாள்.

தலைவரம்மா டம்ளரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். முதல் முறையாகக் கண்ணாடியை ஒழுங்காக மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டார். கண்ணாடிப் புழு பிளவிலிருந்து வெளியே வந்து வளையம் கட்டியிருந்தது. "அடேயப்பா" என்றார். நீதிபதிகள் வழக்கமாகச் சொல்கிற வார்த்தை அல்ல அது.

"வீட்டுத் தொட்டியில இதோட கூடப் பொறந்ததெல்லாம் இலையே விட்டுடுச்சு. எப்போ வேணா வந்து பார்க்கலாம்" என்றாள் சருகு.

தலைவரம்மா சீட்டை வாங்கிப் படித்தார். எடுத்தவர் பேரை உரக்கப் படித்துவிட்டு, "இவர் யார்? வந்திருக்கிறாரா?" என்று கேட்டார்.

தம்பி குனிந்தே உட்கார்ந்திருந்தான். அவன் நிமிர்வதற்குள் வக்கீல் முந்திக்கொண்டார். "அம்மா, விஷயம் எளிது. இந்த அம்மாவுக்கு வேலிக்குள் அனுமதியே இல்லை. ஆனால் இவருடைய காப்பகத்தில் இதே செடியின் பழைய தாள் இருக்கிறது. அதிலிருந்து நாலு கொட்டையைப் பிய்த்துக்கொண்டு வந்து நாடகம் ஆடுகிறார். சாவியும் இவரிடம்தானே இருக்கிறது!"

திருடி என்று சொல்லியிருந்தால்கூடச் சருகு பொறுத்திருப்பாள். தாளைப் பிய்த்தாள் என்று சொல்லிவிட்டானே! ஒரு இலை உதிர்ந்தால் அதை உறையில் போட்டு அதே தாளில் ஒட்டி வைக்கிறவள் அவள். எழப் போனாள்.

நாற்காலி ஒன்று கிறீச்சென்று பின்னால் போனது.

"சார், போதும்" என்றான் தம்பி. எழுந்து நின்றிருந்தான். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. "எங்க அக்கா ஆபீஸ்ல இருந்து ஒரு குண்டூசிகூட வீட்டுக்குக் கொண்டு வந்தது கிடையாது. எடுத்தவர்னு எழுதியிருக்கிறது என் பேர். அது என் பூட்ஸ்ல இருந்து வந்தது. துளை போடற இடத்துச் சேறு."

வக்கீல் திகைத்தார், ஆனால் விடவில்லை. "தம்பி, நிதானமா யோசிச்சுப் பேசுங்க. அந்தப் பூட்ஸைப் போட்டுக்கிட்டு வேற எங்கேயாவது போயிருப்பீங்க. வேற குளம், வேற வாய்க்கால். அப்படித்தானே?"

தப்பித்துக்கொள்ளக் கதவை அகலமாகத் திறந்துவிட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலையும் மிஞ்சும், நிரந்தரமும் ஆகும். ஆனால் கேட்டது யாரிடம்? பூட்ஸ் சட்டம் போட்டவனிடம்.

"சைட் பூட்ஸைப் போட்டுக்கிட்டு வெளிய ஒரு அடி நடந்தது கிடையாது சார்! நான் போட்ட சட்டம், நானே மீறுவேனா? வீட்டுக்குப் போனப்போகூடப் பையில போட்டுக் கையிலதான் தூக்கிட்டுப் போனேன். கேட்ல கேட்டுப் பாருங்க" என்று பொரிந்தான். அப்புறம் குனிந்து பிளாஸ்டிக் பையைத் தூக்கினான். "இன்னிக்கும் அப்படித்தான் கொண்டு வந்திருக்கேன்."

இரண்டு பூட்ஸையும் எடுத்து அந்தப் பளபள மேஜையின் நடுவில் வைத்தான். காய்ந்த சேறு பொலபொலவென்று உதிர்ந்தது.

காலையில் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுப் போனவன் நேராக சைட்டுக்குப் போய் இதைத்தான் எடுத்து வந்திருக்கிறான். வேலை போகட்டும் என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறான். தடியா, அதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா என்று சருகு மனசுக்குள் திட்டினாள். கண்ணீர் வந்தால் திட்டுவதுதான் அவள் வழக்கம்.

"மேஜை பாழாகுது, எடுங்க அதை!" என்று வக்கீல் கை நீட்டினார்.

"தொடாதீங்க" என்றார் தலைவரம்மா. குரலை உயர்த்தவே இல்லை. "மழை வந்து அந்தக் குளம் நிறைஞ்சு, இந்தம்மா உள்ள போய்ப் பார்த்துச் சொல்ற வரைக்கும் அங்க ஒரு கூடை மண் விழக்கூடாது." அப்புறம் வாசலில் நின்ற ஊழியரைப் பார்த்து, "இன்னொரு டம்ளர் தண்ணி கொண்டு வாப்பா" என்றார்.

சருகு நகவெட்டியால் வலது பூட்ஸின் பள்ளத்தைக் கிளறினாள். மூன்றாவது கட்டியில் ரோமமும் கொக்கியுமாக ஒன்று உருண்டு மேஜை மேல் ஓடியது. தம்பி அதைக் கையால் மறித்துப் பிடித்து, தானே எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தான். அவள் பையிலிருந்து புதுச் சீட்டு ஒன்றை எடுத்து, இடம், மண், நாள் எல்லாம் எழுதி, எடுத்தவர் என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன பார்க்கிற? எழுது" என்றான் தம்பி. "இந்தத் தடவை வலது கால்னும் சேர்த்துப் போடு."